சாயத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்: நல்ல தேயிலையைத் தெரிந்தெடுப்பது எப்படி?



விருந்தாளி வந்தாலும் தேத்தண்ணி, மரண வீட்டிலும் தேத்தண்ணி. இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்த நாட்களில் சோறு இல்லாவிட்டாலும் ஒரு வாய் வெறுந்தேத்தண்ணி எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் கடையில் தூள் வாங்கும்போது விலையைத் தவிர வேறெதையும் நாங்கள் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் பட்ட நட்டத்தைச் சொன்னால் உங்களில் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

வவுனியாவில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு சிறிய தேநீர்க்கடை நடத்துகிறோம். மூவருக்குக் கணவர் இல்லை. கடை வருமானத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒருமுறை முன்பின் தெரியாத வியாபாரி ஒருவர் மலிவாகத் தருகிறார் என்று, சேமிப்புக் காசில் 10 கிலோ தூள் வாங்கிவிட்டேன். சாயம் நல்ல சிவப்பாக இறங்கியது. ருசியும் இல்லை, மணமும் இல்லை. ஒரு வாரத்தில் வாடிக்கையாளர் பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது வவுனியாப் பக்கம் வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பெரியம்மா குடும்பம் மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. பெரியம்மா 30 வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். அவருடைய மகள், எனக்கு அக்கா, தோட்டத்து ஸ்டோரில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை செய்கிறார். அந்தத் தூளில் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனேன்.

பெரியம்மா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தார். "ஏ புள்ள, இது கழிவுத் தூளு. சாயம் போட்டுக் குடுத்திருக்கான். காசையும் குடுத்து இதையா வாங்குன?" என்றார்.

அக்கா ஒரு வெள்ளைக் கடதாசியில் தூளைப் பரப்பி, பச்சைத் தண்ணீர் தெளித்தார். உடனேயே கடதாசியில் பளிச்சென்று சிவப்புக் கறை படர்ந்தது. கலப்படமில்லாத தேயிலை பச்சைத் தண்ணீரில் இப்படி உடனே சாயம் விடாது. இரும்புத்தூள் கலந்திருந்தால் சிறு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டு சோதனைக்கும் செலவே இல்லை.

ருசி பார்க்கும் முறை

கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கீழே விளைவதைத் தாழ்நிலத் தேயிலை என்பார்கள். இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் இந்த வகைதான். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவவின் தேயிலையில் பெரும்பகுதி இதில் சேரும். சூடும் மழையும் கூடிய இடம் என்பதால் இலை பெரிதாக வளரும். தண்ணீர் கடும் நிறமாக இறங்கும், மணத்தில் ஓர் இனிப்பு இருக்கும். நுவரெலியாத் தேயிலையோ இளம் நிறமும் மென்மணமும் கொண்டது. பால் சேர்த்துக் குடிப்பவர்களுக்குச் சப்ரகமுவத் தூள் பொருத்தம்.

கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன் ருசி பார்ப்பவர்கள் ஒவ்வொரு மாதிரியையும் வாயில் உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதை ஒட்டித்தான் விலை. உலகத் தர முறைப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். அதையே நாங்கள் வீட்டில் செய்து பார்த்தோம்.

ஒரே அளவான மூன்று கோப்பைகளில் வெவ்வேறு தூள், ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி. நன்றாகக் கொதித்த தண்ணீர் ஊற்றி மூடி, 6 நிமிடம் கழித்து வடித்தோம். பாலும் சீனியும் சேர்க்கவில்லை. முதலில் வடித்த சக்கையை மோந்து பார்க்க வேண்டும். புகை, பூஞ்சணம், கருகல் வாடை இருந்தால் அது ஆகாது. பிறகு நிறம் தெளிவாக இருக்கிறதா, கலங்கலா என்று பார்க்க வேண்டும். கடைசியாக ஒரு கரண்டி எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்ச வேண்டும். நல்ல தேயிலை நாக்கில் ஒரு துடிப்பைத் தரும், விழுங்கிய பின்னும் மணம் நிற்கும்.

மூன்றில் ஒன்று, அக்கா தம் ஸ்டோரிலிருந்து காசு கொடுத்து வாங்கிவந்த தரமான இலைத்தூள். பெரியம்மா அதை இரண்டு தரம் குடித்தார். "இத்தனை வருசம் கொழுந்து பறிச்சேன். எங்களுக்குக் குடுக்கிறது டஸ்ட்டுதான். நம்ம மலைக் கொழுந்து இப்படி ருசிக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுப்பது அவருடைய விரல்கள்.

எழுத்துகளின் பொருள்

பொதியில் ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்று போட்டிருக்கும். இவை பெரும்பாலும் இலைத் துண்டின் அளவைச் சொல்பவை. டஸ்ட் மிகப் பொடியானது. விரைவாகச் சாயம் இறங்கும், கடைக்கு இலாபமானது. நல்ல தோட்டத்து டஸ்ட், பழுதான பெரிய இலையைவிட மேல். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை உள்ள பொதியென்றால், அது இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட கலப்பற்ற இலங்கைத் தேயிலை.

யப்பானின் பச்சைத்தூள்

அன்று நான்காவதாக ஒரு தேத்தண்ணியும் குடித்தோம். அக்காவின் மகன் யப்பானில் வேலை செய்கிறான். அவன் அனுப்பிய சின்ன டின்னில் 'மாச்சா' என்னும் பச்சைத்தூள் இருந்தது. "மாச்சாவா? மச்சானுக்குத் தங்கச்சியா?" என்று பெரியம்மா கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றில் நிறம் மாறவிடுவார்கள். மாச்சாவுக்குப் பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பே செடிக்கு நிழற்பந்தல் போடுவார்கள். வெயில் குறைய இலையின் பச்சை கூடும், கசப்புக் குறையும். பறித்த உடனே ஆவியில் அவித்து, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் இயந்திரத்தில் மாவாக அரைப்பார்கள். கியோட்டோவுக்கு அருகிலுள்ள ஊஜி இதற்குப் பெயர்பெற்ற ஊர்.

நல்ல மாச்சா இளந்தளிர்ப் பச்சையாகவும் மாப்போல நைசாகவும் இருக்கும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் பழையது அல்லது தரம் குறைந்தது. சேர்மானத்தில் சீனி, நிறமூட்டி என்று இருந்தால் வாங்க வேண்டாம். 2 கிராமைச் சலித்து, கொதி அடங்கிய 80 பாகை அளவான 70 மில்லிலீற்றர் தண்ணீரில் நுரைக்க அடிக்க வேண்டும். கொதிநீர் ஊற்றினால் கசக்கும். நாங்கள் முதலில் அந்தப் பிழையைத்தான் செய்தோம். இரண்டாம் முறை புல் மணமும் மெல்லிய இனிப்பும் தெரிந்தன. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் கேள்வி கூடி விலை ஏறியதால், பச்சைத்தூள் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

உடல் நலத்துக்கு

கறுப்போ பச்சையோ, சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது. மாச்சாவில் முழு இலையும் வயிற்றுக்குள் போவதால் கஃபீனும் கூட. கர்ப்பிணிகள் அளவோடு குடிக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் அந்தத் தூளைக் குழியில் கொட்டினோம். போன காசு திரும்பவில்லை. இப்போது 100 கிராம் மாதிரி வாங்கி, நால்வரும் ருசி பார்த்த பிறகே மொத்தமாக வாங்குகிறோம். போன வாடிக்கையாளரில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

சகோதரிகளே, அடுத்த முறை தூள் வாங்கும்போது கையில் தேய்த்து மோந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். காசு உங்களுடையது, நாக்கும் உங்களுடையதுதான்.