பிடுங்கப் பிடுங்க ஏன் முளைக்கிறது கோரை?

வீட்டுப் புல்தரையில் கோடையில் தலைகாட்டும் களைகளை இரண்டாகப் பிரித்துவிடலாம்: விதையால் வருபவை, கிழங்கால் வருபவை. அம்மான் பச்சரிசி, நெருஞ்சி, வெட்டுக்காயப் பூண்டு எல்லாம் முதல் வகை. பூத்துக் காய்ப்பதற்குள் வேரோடு பிடுங்கிவிட்டால் அந்தச் செடியின் கதை முடிந்தது. மண்ணில் கிடக்கும் பழைய விதைகள் தீரும்வரை சில பருவங்கள் அதையே செய்தால் போதும். இரண்டாம் வகைக்குத் தலைமை வகிப்பது கோரை. லீராய் ஹோம் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1977இல் உலகின் மிக மோசமான களைகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் முதல் இடம் இந்தக் கோரைக்குத்தான். பிடுங்கினால் வருகிறது, வெட்டினால் வருகிறது, மருந்தடித்தால் கொஞ்ச நாள் கழித்து வருகிறது என்பது புல்தரை வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் புகார். புகார் உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் கோரையின் மாயம் அல்ல. நாம் இலையோடு சண்டை போடுகிறோம்; கோரையோ கிழங்கில் வாழ்கிறது. கிழங்கில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை ஒரு சேமிப்புக் கணக்காக எடுத்துக்கொண்டு, எந்த வைத்தியத்தையும் ஒரே கேள்வியால் எடை போடலாம்: இது அந்த இருப்பைக் குறைக்கிறதா, இல்லையா?

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காண வேண்டும். கோரை பார்வைக்குப் புல் போலிருந்தாலும் புல் இனம் அல்ல. தண்டை இரு விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டை தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டையாகவோ சற்றுத் தட்டையாகவோ இருக்கும். கோரை இலைகள் மூன்று திசையில் கிளம்பும், புல்லின் இலைகள் இரண்டு திசையில். பூங்கொத்து செம்பழுப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பூவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அதன் விதைகளில் மிகச் சிலவே முளைக்கும். பெருக்கமெல்லாம் மண்ணுக்கடியில் நடக்கிறது. முளைத்த செடியின் அடியிலிருந்து மெல்லிய வேர்த்தண்டு ஓடி, கொஞ்ச தூரத்தில் ஒரு கிழங்கு கட்டும். அந்தக் கிழங்கிலிருந்து இன்னொரு வேர்த்தண்டு, அதன் நுனியில் இன்னொரு கிழங்கு. இப்படிச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகும். பெரும்பாலான கிழங்குகள் மேல் 15 செ.மீ. மண்ணுக்குள்தான் இருக்கும், சில அதற்கும் ஆழத்தில். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்றும் முத்தக்காசு என்றும் வாங்குவது இதைத்தான். பத்தமடைப் பாய் நெய்யும் கோரை வேறு இனம். அதற்கும் நம் புல்தரைத் தொல்லைக்கும் சம்பந்தமில்லை.

இந்தச் சங்கிலியில்தான் கோரையின் சாமர்த்தியம் இருக்கிறது. சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை, முளைத்து வளரும் முனைக் கிழங்கு மற்றவற்றை அடக்கி வைத்திருக்கும். அவை உறங்கிக்கொண்டிருக்கும். செடியைப் பிடித்து இழுக்கும்போது வேர்த்தண்டு அறுந்து இலை மட்டும் கையோடு வந்துவிடும். அடக்கிவைத்த முனை போய்விட்டதால் கீழே உறங்கிய கிழங்குகள் ஒவ்வொன்றாக விழித்து முளைக்கும். ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் மூன்று வருகிறதே என்று தோன்றுவது பிரமை அல்ல. இதைப் பார்த்துவிட்டுத்தான் "கோரையைப் பிடுங்கவே கூடாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. உறங்கும் கிழங்கு எதற்கும் மசியாது. அதற்கு இலை இல்லாததால் மருந்தும் போய்ச் சேராது. விழித்து முளைத்த கிழங்குதான் தன் இருப்பைச் செலவு செய்கிறது. கோரையின் நெருங்கிய உறவான மஞ்சள் கோரையில் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, கிழங்கில் உள்ள சத்தில் பாதிக்கும் மேல் முதல் முளைக்கே செலவாகிவிடுகிறது என்று காட்டியது. அடுத்தடுத்த முளைகளுக்குக் கிடைப்பது சொற்பம். அதனால் அவை மெலிந்தே வரும். ஆகவே பிடுங்கியதால் மூன்று முளைத்தது தோல்வி அல்ல, மூன்று கிழங்குகள் வெளியே வந்து செலவு செய்யத் தொடங்கியிருக்கின்றன என்று பொருள். தோல்வி எங்கே என்றால், அந்த மூன்றையும் அப்படியே விட்டுவிடுவதில்.

எவ்வளவு நாளுக்குள் மறுபடி பிடுங்க வேண்டும் என்பதையும் செடியே சொல்லிவிடுகிறது. ஐந்தாறு இலை விடும்வரை கோரை கிழங்கிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறது. அதற்குப் பிறகு இலை தயாரிக்கும் உணவு மிஞ்சத் தொடங்கி, புதுக் கிழங்கு கட்டுகிறது. கோடை வெப்பத்தில் இந்த எல்லையை எட்டச் சுமார் இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளிக்குள் ஒவ்வொரு சுற்றும் பிடுங்கினால் வரவே இல்லாமல் செலவு மட்டும் நடக்கும். மாதம் ஒருமுறை பிடுங்கினால் செலவானதைவிட அதிகமாகச் சேர்ந்துவிடும். ஒரே உழைப்பு, நாள் தள்ளிப்போனதால் எதிர்ப்பலன். மண் ஈரமாக இருக்கும்போது ஒடுங்கிய களைக்கொத்தியைச் செடியின் ஓரமாக இறக்கி, அடிக்குமிழோடும் கிடைக்கிற கிழங்கோடும் தோண்டி எடுப்பது வெறுங்கையால் இழுப்பதைவிடப் பல மடங்கு மேல். எடுத்ததை எருக்குழியில் போடக்கூடாது. வெயிலில் சிமென்ட் தரையில் நன்றாகக் காயவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். காய்ந்து ஈரம் இழந்த கிழங்கு செத்துப்போகும் என்பது கோரையின் பெரிய பலவீனம்.

இங்கே புல்லின் பங்கு என்ன என்று கேட்கலாம். வெப்பநாட்டுப் புல்தரையில் இது முக்கியமான கேள்வி. நாம் வளர்க்கும் அருகம்புல், கொரியன் புல், பஃபல்லோ புல் ஆகிய எல்லாமே கடும் வெயிலில் திறமையாக ஒளிச்சேர்க்கை செய்யும் சி4 வகைத் தாவரங்கள். கோரையும் சி4 வகைதான். குளிர்நாட்டுப் புல்தரைகளில் கோடை வந்தால் புல் தளர்ந்து போகும், கோரை முந்திக்கொள்ளும். இங்கே வெயிலால் இரண்டுக்கும் ஒரே ஆதாயம். சி4 தாவரங்களுக்குப் பொதுவாக உள்ள குறையும் இரண்டுக்கும் ஒன்றே: நிழல் ஆகாது. யார் யாருக்கு நிழல் போடுகிறார்கள் என்பதில்தான் வெற்றி தோல்வி. புல்லை ஒட்ட மழித்துவிட்டால் மண்ணில் வெயில் விழும், கோரை முளை தடையில்லாமல் எழும். வெட்டிய மறுநாளே கோரை புல்லைத் தாண்டி நிற்பதைக் காணலாம்; அதன் இலை புல்லைவிட வேகமாக வளரும். ஆகவே வெட்டுவதால் மட்டும் கோரை சாகாது. ஒட்ட வெட்டினால் அதற்கு உதவியே செய்கிறோம். அருகை நான்கு செ.மீ. அளவிலும் பஃபல்லோவை ஏழு செ.மீ. அளவிலும் விட்டு, ஒருமுறைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருந்தால் புல் அடர்ந்து மண்ணை மூடும். தண்ணீரும் அப்படியே. தினமும் சாயந்திரம் ஹோஸ் பிடித்து மேலாக நனைப்பது, எப்போதும் ஈரமாக இருக்கும் மேல்மண்ணில் குடியிருக்கும் கோரைக்கு விருந்து. மண்ணின் தன்மைக்கேற்ப இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி விடுவது புல்லின் வேரை ஆழத்துக்கு இழுக்கும். யூரியாவையும் களை எடுத்த பிறகு போட வேண்டும். முன்னால் போட்டால் பாதி கோரைக்குத்தான் போகும்.

"இவ்வளவு பாடு எதற்கு, மருந்து அடித்தால் தீர்ந்ததே" என்பது அடுத்த வாதம். எந்த மருந்து என்பதைப் பொறுத்தது அது. கிளைபோசேட் இலை வழியாக இறங்கிக் கிழங்கு வரை போகும் என்பது உண்மை. ஆனால் அது புல்லையும் சேர்த்துக் கொல்லும். தவிர, 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி அதை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். வீட்டுக்காரர் வாங்கித் தெளிப்பதற்கு இடமில்லை. 2,4-டி அகன்ற இலைக் களைகளுக்கானது. கோரையின் இலையைக் கருக்கும், கிழங்கை விட்டுவிடும். கோரைக்கென்றே உள்ளது ஹாலோசல்ஃப்யூரான். வாலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைத் தாவரம் உண்டாக்கத் தேவையான ஒரு நொதியை அது முடக்குகிறது. விலங்குகளிடம் அந்த நொதியே கிடையாது. புல் அந்த மருந்தை உடைத்துச் செரித்துவிடும், கோரையால் முடியாது. ஹெக்டேருக்குச் சில பத்து கிராம் அளவே போதும். அமெரிக்காவில் புல்தரைக்கென்றே இது விற்கப்படுகிறது. இந்தியாவில் முக்கியமாகக் கரும்புக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. வாங்குமுன் லேபிளில் எந்தப் பயிருக்கு, எந்த அளவில் என்று எழுதியிருப்பதைப் படிப்பதும், வேளாண் அலுவலரைக் கேட்பதும் அவசியம்; கண்ணளவாக ஊற்றிக் கலக்கும் மருந்து அல்ல இது. இத்தனைக்கும் பிறகு நம் பழைய கேள்வியைக் கேட்டால் விடை மாறவில்லை. மருந்து இலையுள்ள செடியின் வழியாகத்தான் இறங்கும். உறங்கும் கிழங்குகள் தப்பித்துக்கொள்ளும். சில வாரத்தில் அவை முளைக்கும்போது மறுபடி கவனிக்க வேண்டும். இதே நொதியைத் தாக்கும் மருந்துகளையே திரும்பத் திரும்ப அடித்ததால் கலிஃபோர்னியா நெல்வயல்களில் ஒரு கோரை இனம் 1990களிலேயே எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது. ஆக, மருந்து பிடுங்குகிற வேலையின் ஒரு சுற்றைக் குறைக்கலாம்; வேலையையே ஒழித்துவிடாது.

கைவைத்தியங்களையும் இதே தராசில் வைக்கலாம். வினிகர் தெளித்தால் சாயந்திரத்துக்குள் இலை கருகும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. கல்லுப்பு போட்டால் கோரைக்கு முன் புல் சாகும், மண்ணும் கெடும். கறுப்பு பாலித்தீன் விரித்து மூடினால் கோரையின் ஊசிமுனை அதையும் குத்திக்கொண்டு வெளியே வரும். விந்தை என்னவென்றால், ஒளி ஊடுருவும் பாலித்தீனைக் குத்த அதனால் அவ்வளவாக முடிவதில்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகள் இதன் காரணத்தைக் காட்டின. இருட்டில் இருக்கும்வரை முளை கூராகச் சுருண்டே இருக்கும். ஒளி பட்டதும் இலை விரிந்துவிடும். விரிந்த இலையால் குத்த முடியாது, பாலித்தீனுக்கடியிலேயே வெந்து போகும். சித்திரை, வைகாசி வெயிலில் நனைத்த வெறும் மண்ணின் மேல் தெளிவான பாலித்தீனை இறுக்கி விரித்து மண்ணைச் சூடேற்றும் முறையை 1976இல் இஸ்ரேலில் யாக்கோவ் காட்டான் குழுவினர் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. மண்வெப்பம் 50 டிகிரிக்கு மேல் நீடித்தால்தான் கிழங்கு சாகும். ஆழத்தில் அவ்வளவு சூடு ஏறாது, குறைந்த சூடு சில சமயம் முளைப்பைத் தூண்டியும் விடும். வளர்ந்த புல்தரையின் மேல் இதைச் செய்ய முடியாது என்பதைச் சொல்லவே வேண்டாம். புல் பதிக்கும் முன் மண்ணைத் தயார் செய்வோருக்கு உதவும் முறை இது.

உண்மையில் கோரைப் போரின் பெரும்பகுதி புல் பதிப்பதற்கு முன்பே தோற்றுப்போகிறது. லாரியில் வந்து கொட்டும் செம்மண்ணிலும் வண்டலிலும் சரியாக மக்காத எருவிலும் கிழங்குகள் வந்துவிடுகின்றன. நாற்றங்காலில் வாங்கும் புல்பத்தைகளிலும் வரும். வந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் பரப்பி, ஈரமாக வைத்து, இரண்டு மூன்று வாரம் பார்த்தாலே கோரை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஏற்கெனவே கோரை மண்டிய இடமாக இருந்தால் கோடையில் ஓரடி ஆழம் கொத்திப் புரட்டி, தண்ணீர் விடாமல் காயப்போட வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு, முளைத்ததை எடுத்து, மறுபடி காயப்போட வேண்டும். ஒரு கோடையை இதற்கு ஒதுக்கினால் பின்னால் பல கோடைகள் மிச்சமாகும்.

"இந்தக் கோரை மருந்தாகும், குழந்தைகளைக் குளிப்பாட்டும் பொடியில் சேரும், அதை ஏன் இப்படித் துரத்த வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. கோரையை உலகிலிருந்து ஒழிப்பது யாருடைய நோக்கமும் அல்ல, அது நடக்கிற காரியமும் அல்ல. மர நிழலில் புல் மெலிந்து போகும் மூலையில் கோரையோடு மல்லுக்கட்டுவதைவிட அந்த இடத்தில் நிழல் தாங்கும் வேறு செடி வைப்பதே விவேகம். புல் நன்றாக வளரும் வெயில் இடத்தில்தான் இந்த முயற்சிக்குப் பலன். அங்கும் ஒரே கோடையில் முடித்துவிடலாம் என்று எண்ணக்கூடாது. கிழங்குகளின் ஆயுளை அளந்த ஓர் ஆய்வு, 16 மாதத்தில் அவற்றில் பாதி மடியும் என்றும் அனைத்தும் தீர ஏறக்குறைய மூன்றரை ஆண்டு ஆகும் என்றும் கணித்தது. அதுவும் புதுக் கிழங்கு கட்டவிடாமல் பார்த்துக்கொண்டால்தான். எனவே இந்தக் கோடையில் ஒரே ஒரு பழக்கத்தை ஆரம்பியுங்கள்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறாவது இலை வருவதற்குள், களைக்கொத்தியோடு புல்தரையை ஒரு சுற்று வந்துவிடுங்கள். அடுத்த கோடையில் கோரை இருக்கும். ஆனால் குறைவாக இருக்கும். அதற்கடுத்த கோடையில் இன்னும் குறையும்.