பெங்களூருவில் வாடகை வீடு: கடனும் நிர்வாகமும்

பெங்களூருவில் அடுக்குமாடி வீடொன்றை வாங்கி, அதன் வாடகையைக் கொண்டே வங்கிக் கடனைத் தீர்த்துவிடலாம் என்று கருதும் நடுத்தர வருவாயினர் பலர். இக்கணக்கு பெரும்பாலும் நடைமுறையில் பொருந்துவதில்லை.

வீட்டின் விலை 80 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்திற்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தை மீறலாகாது. ஆகவே கடனாகக் கிடைக்கக்கூடியது 64 லட்சம். எஞ்சிய 16 லட்சத்தை வாங்குபவரே திரட்டுதல் வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இதற்குப் புறம்பான செலவுகள். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் தீர்ப்பதாயின், மாதத் தவணை சுமார் 55,500 ரூபாயாகும். விலையில் 3.5 சதவீதம் ஆண்டு வாடகையாகக் கிடைத்தால், மாத வரவு 23,300 ரூபாய் மட்டுமே. இடைவெளியாகிய 32,000 ரூபாய் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களில் முழுத் தவணையுடன் பராமரிப்புக் கட்டணமும் உரிமையாளரின் தலையில் விழும்.

வட்டியும் நிலையானதன்று. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. இவ்விகிதத்துடன் பிணைக்கப்பட்ட 64 லட்சம் ரூபாய்க் கடனில், இவ்வுயர்வினால் கூடும் வட்டி மட்டும் ஆண்டுக்கு 1.6 லட்சம் ரூபாய்.

கடன் கிடைப்பதே ஆவணங்களைப் பொறுத்தது. பெங்களூரு வளர்ச்சி ஆணையம் 1976ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பின்னரும், விளைநிலங்கள் உரிய அனுமதியின்றி மனைகளாகப் பிரிக்கப்பட்டு விற்பனையாயின. இத்தகைய சொத்துகள் பல, மாநகராட்சியின் 'பி' பதிவேட்டில் இடம்பெற்றன. 'பி' கத்தா எனப்படும் இவற்றின் பேரில் கடன் தர வங்கிகள் பொதுவாகத் தயங்குகின்றன. கத்தா என்பது சொத்துவரிக்கான பதிவேயன்றி உரிமைப் பத்திரமன்று என்பதைப் பலர் காலங்கடந்தே உணர்கின்றனர். கட்டி முடியாத வீடாயின், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது: வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைக் கட்டுநர் தனிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்திற்கும் கட்டுமானத்திற்குமே செலவிடல் வேண்டும்.

தவணைச் சுமை தாளாத உரிமையாளர்கள் சிலர் போக்கியத்தை நாடுகின்றனர். பெங்களூருவில் நெடுங்காலமாக வழங்கிவரும் இம்முறையில் குடியிருப்பவர் மாத வாடகை தருவதில்லை. பெருந்தொகை ஒன்றை முன்னதாகக் கொடுத்துக் குறித்த காலம் குடியிருந்து, வெளியேறுகையில் அதை வட்டியின்றித் திரும்பப் பெறுகிறார். உரிமையாளருக்கு இது வட்டியில்லாக் கடன் போலத் தோன்றும். ஆயினும் அது திருப்பித் தரவேண்டிய கடனே. கைக்கு வந்த தொகையை வேறு செலவுகளில் கரைத்தவர், அடுத்த குடியிருப்பாளர் கிடைக்கும்வரை அதைத் திருப்ப இயலாது தவிப்பார்.

இதனினும் பெரிய ஆபத்து குடியிருப்பவருக்கே. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானமாக இருந்து, தவணைகள் நின்றுபோனால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி நீதிமன்ற வழக்கின்றியே அடமான உரிமையைச் செயற்படுத்தலாம். வங்கியின் இசைவின்றி அதன் பின்னர் வந்த குடியிருப்பாளரின் உரிமை அங்கே எளிதில் நிலைக்காது. வாழ்நாள் சேமிப்பைப் போக்கியத் தொகையாகக் கொடுத்த குடும்பம், வீட்டையும் விட்டு, பணத்திற்காக உரிமையாளரைத் தனியே தொடர வேண்டிய நிலை ஏற்படும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்பது சட்டம். பதிவுக்கு முன்பே வில்லங்கச் சான்றிதழைப் பார்ப்பதும், வங்கிக் கடன் உண்டா என விசாரித்து வங்கியின் எழுத்துமூல இசைவைப் பெறுவதும் இன்றியமையாதவை.