கூட்டாளியே எதிரில் நின்றால்?

1980களில் ஜப்பானியப் பள்ளி மாணவிகள் பலருக்கு இரண்டு பேர் என்றால் உயிர். ஒருவர் சிகுசா நாகயோ, இன்னொருவர் லயனஸ் அசுகா. இருவரும் தொழில்முறை மல்யுத்த வீராங்கனைகள். 1983-இல் ‘கிரஷ் கேல்ஸ்’ என்ற பெயரில் ஜோடி சேர்ந்தார்கள். ஒருவர் மோதுவார், களைத்ததும் மூலைக்கு வந்து தோழியின் கையைத் தட்டுவார், உடனே தோழி உள்ளே பாய்வார். இதுதான் ‘டேக் டீம்’ ஆட்டம். டிவியில் மோதியது போதாதென்று இருவரும் பாட்டுப் பாடி இசைத்தட்டுகூட வெளியிட்டார்கள்!

1989 ஜனவரியில் டோக்கியோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் இதே இருவரும் எதிரெதிரே நின்றார்கள். வென்றவர் அசுகா.

பழைய கூட்டாளியோடு மோதுவது சுலபமா, கஷ்டமா? பதில் சொல்லும் முன், களத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

“அதெல்லாம் நடிப்புதானே?” என்று கேட்பீர்கள். இந்த வகை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே முடிவாகிவிடும், உண்மைதான். ஆனால் புவியீர்ப்பு விசைக்கு நடிக்கத் தெரியாதே! ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும். அதனால்தான் புதிதாகச் சேருபவர்கள் முதலில் விழக் கற்றுக்கொள்கிறார்கள். ஜப்பானில் இதற்கு ‘உகேமி’ என்று பெயர். மோவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. முதுகும் கைகளும் ஒரே நேரத்தில் தட்டையாகத் தரையில் பட வேண்டும். விசை அகலமான பரப்பில் பரவினால் ஓரிடத்தில் விழும் அழுத்தம் குறையும். மேடைப் பலகையும் சற்று வளைந்து கொடுக்கும். 2 சென்டிமீட்டரில் நிற்க வேண்டிய உடல் 10 சென்டிமீட்டரில் நின்றால், அதை நிறுத்தும் சராசரி விசை சுமார் ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

இனி அசுகாவின் புகழ்பெற்ற பிடிக்கு வருவோம். அதன் பெயர் ‘ஜயன்ட் ஸ்விங்’. கீழே கிடக்கும் எதிராளியின் இரண்டு கால்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தானும் சுற்றி, அவரையும் சுற்றுவது! சுற்றப்படும் உடல் நேர்க்கோட்டில் பறந்து போகவே பார்க்கும். அதை வட்டத்திலேயே வைத்திருக்க உள்நோக்கி இழுக்கும் விசை வேண்டும். இதுதான் மையநோக்கு விசை. எதிராளியின் நிறை 60 கிலோ, அவருடைய உடலின் நடுப்பகுதி சுழலும் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது, ஒரு சுற்றுக்கு இரண்டு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உள்நோக்கி இழுக்க மட்டுமே ஏறக்குறைய அவருடைய முழு எடைக்குச் சமமான விசை தேவை. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் விசை நான்கு மடங்காகும்! அதனால்தான் சுற்றுபவர் பின்னால் நன்றாகச் சாய்ந்துகொள்கிறார். சாயாவிட்டால் அவரும் சேர்ந்து விழ வேண்டியதுதான்.

சுற்றி முடித்ததும் இருவருமே தள்ளாடுவார்கள். நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை நின்ற பிறகும் அவற்றுக்குள் இருக்கும் திரவம் சற்று நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். “இன்னும் சுற்றுகிறோம்” என்று மூளைக்குத் தவறான செய்தி போகும். அதுதான் தலைசுற்றல். (இவற்றில் எதையும் நண்பர்கள் மேல் செய்து பார்க்காதீர்கள். பல ஆண்டு பயிற்சி பெற்றவர்களுக்கே காயம் படுகிறது.)

செய்து பார்க்க வேறொரு சோதனை தருகிறேன். நண்பரை 30 சென்டிமீட்டர் அளவுகோலின் மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். கீழ் நுனியில், பூஜ்யத்துக்கு நேராக, உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடாமல் காத்திருக்கட்டும். அவர் சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். 20 சென்டிமீட்டர் குறியில் பிடித்தால், கண் பார்த்து, மூளை ஆணையிட்டு, விரல் மூட 0.2 நொடி ஆகியிருக்கிறது.

வேகமான ஓர் உதை வந்து சேரவும் ஏறக்குறைய இவ்வளவு நேரம்தான் ஆகும். அப்படியானால், உதை கிளம்பியதைப் பார்த்த பிறகு விலக நினைத்தால் நேரம் போதாது. பயிற்சி பெற்றவர்கள் காலைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. வலது கால் எழும்புவதற்கு முன்பே உடலின் பாரம் இடது காலுக்கு மாறும், இடுப்பு திரும்பும், தோள் அசையும். இந்தக் குறிப்புகளை வைத்தே மூளை அடுத்து வருவதை ஊகித்துவிடும். நாகயோ சிறுவயதிலேயே கராத்தே கற்றவர். அவருடைய உதைகளை மூலையில் நின்று ஆண்டுக்கணக்கில் பார்த்தவர் அசுகா. யாருடைய அசைவை அதிகம் பார்த்திருக்கிறோமோ, அவர் விஷயத்தில் மூளையின் ஊகம் அதிகம் பலிக்கும்.

அப்படியென்றால் கூட்டாளியோடு மோதுவது சுலபமா? அவசரப்படாதீர்கள். அளவுகோல் சோதனையையே கொஞ்சம் மாற்றுங்கள். நண்பர் ஒவ்வொரு முறையும் புருவத்தை உயர்த்திவிட்டு அளவுகோலை விடட்டும். சில முறைக்குள் நீங்கள் முன்னைவிடச் சீக்கிரம் பிடிப்பீர்கள். அடுத்த முறை அவர் புருவத்தை மட்டும் உயர்த்திவிட்டு அளவுகோலை விடாமல் இருக்கட்டும். உங்கள் விரல்கள் வெறும் காற்றைப் பிடிக்கும்!

நாம் எந்தக் குறிப்பை நம்புகிறோம் என்பது தெரிந்தவருக்குத்தான் நம்மை ஏமாற்றவும் தெரியும். பழைய கூட்டாளிகள் மோதும்போது இந்த வசதி இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. ஆட்டம் சூடு பிடிப்பது அதனால்தான். 2000-இல் நாகயோவும் அசுகாவும் மறுபடி ஒரே அணியில் சேர்ந்தார்கள். அப்போதும் இருவருக்கும் கைகொடுத்தது இதே ஊகம்தான்.