அச்சத்திற்கும் ஓர் அளவுகோல்

வீட்டுக்கடன் பெற்று வீடு வாங்க விழைவோர் சிலர், அருகில் கைபேசிக் கோபுரத்தைக் கண்டதும் தயங்குகின்றனர். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது, அலை தெரிவதில்லை. ஆகவே, தொலைவைக் கொண்டே ஆபத்தை மதிப்பிட்டுவிடுகிறோம்.

ஆன்டெனாவின் அலைகள் பெரும்பாலும் கிடைமட்டத்தை ஒட்டியே பாய்கின்றன. எனவே, கோபுரத்தின் அடியிலுள்ள வீட்டைவிட, ஆன்டெனாவுக்கு நேரெதிரே அதே உயரத்தில் அமைந்த மாடியில் அலைச்செறிவு மிகுந்திருக்கக்கூடும். அளந்தால்தான் தெரியும்.

அளப்பதற்கு 'புரோப்' எனும் உணர்கருவி பயன்படுகிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று உணரிகள் அதனுள் இருப்பதால், அலை எத்திசையிலிருந்து வரினும் பதிவாகும்.

அளந்ததை வரம்போடு ஒப்பிட வேண்டும். பன்னாட்டு வழிகாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கையே நம் நாடு 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அதன்படி 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800 மெகாஹெர்ட்ஸுக்கு 0.9 வாட். பல அலைவரிசைகள் சேருமிடத்தில், ஒவ்வொன்றும் தன் வரம்பில் எத்தனை பங்கு எனக் கணக்கிட்டுக் கூட்டுவர். கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டலாகாது. பல கடன்களின் தவணைகளைக் கூட்டி வருமானத்தோடு ஒப்பிடும் வங்கியாளர்களாகிய நமக்கு இம்முறை புதிதன்று.

தொலைத்தொடர்புத் துறை 2017இல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' இணையதளம், கோபுர விவரங்களை அறியவும், கட்டணம் செலுத்தி அளவீடு கோரவும் வழிசெய்தது. விற்பவரின் உறுதிமொழியையோ அண்டை வீட்டாரின் அச்சத்தையோ நம்பி முடிவெடுக்கும்முன், அளந்து பெற்ற எண்ணைக் கேட்போம்.