கோடியக்கரைக்கு ஐப்பசியில் வருகிறவர்கள்

வெள்ளகோவில் வழியாகப் போகும் கரூர் சாலைக்குப் பழைய எண் 67. நாகப்பட்டினத்தில் தொடங்கி, கோவை, ஊட்டி கடந்து குண்டலுப்பேட்டை வரை போன சாலை அது. கிழக்கே விடாமல் போனால் கடல் வரும் என்பதை நம் கொங்குப் பக்கத்தில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நமக்குக் கடல் என்றால் திருச்செந்தூர், ராமேஸ்வரம். அதுவும் சாமி கும்பிட.

தஞ்சாவூரில் பிரிந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று போனால் வெள்ளகோவிலிலிருந்து சுமார் 300 கிலோமீட்டரில் கோடியக்கரை. தெற்கே இறங்கிவரும் கடற்கரை அங்கே மேற்காகத் திரும்புகிறது. அதற்கப்பால் பாக் நீரிணை.

ஐப்பசி மழை விழுந்ததும் ஊருக்கு ஆள் சேர்கிறது. கோடையில் உப்புப் பூத்துக் கிடந்த வேதாரண்யம் சதுப்பில் நல்ல தண்ணீர் கலந்து, புழுவும் சிறு இறாலும் பெருகுகின்றன. அதைத் தின்ன சைபீரியாவிலிருந்து உள்ளான்கள் வருகின்றன. பூநாரைகளும் கூட்டமாக இறங்குகின்றன. அலகைத் தலைகீழாகச் சேற்றில் விட்டு வடிகட்டித் தின்னும் பறவை அது; இரையில் உள்ள நிறமிதான் இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. அதே பருவத்தில் வெளியூர் மீனவர்களும் படகு, வலை, சமையல் பாத்திரங்களோடு வந்து கரையில் கொட்டகை போட்டுத் தங்குகிறார்கள். மீன்வரத்து அப்போதுதான் அதிகம். என்னைக் கேட்டால், பறவையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார்.

காலையில் படகுகள் கரையேறும்போது நிற்க வேண்டும். காலா, வாவல், நீலக்கால் நண்டு எல்லாம் மணலிலேயே ஏலம் போகும். வெள்ளாட்டுக்கறிக்கும் நாட்டுக்கோழிக்கும் பழகிய கொங்கு நாக்குக்கு நண்டுதான் சுலபமான தொடக்கம். உடைக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

இங்கே சரணாலயம் அமைந்தது 1967-இல். 2002-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2004 சுனாமி பழைய சோழர் கலங்கரை விளக்கத்தைக் கொண்டுபோனது; 2018 நவம்பரில் கஜா புயல் காட்டையே புரட்டிப் போட்டது. வழியில் அகஸ்தியம்பள்ளியில், 1930-இல் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜி குழுவினர் உப்பள்ளிய இடத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. ஐந்து நிமிடம் இறங்கிப் பார்க்கலாம்.

மழை ஓய்ந்த தை மாதம்தான் என் தேர்வு. பங்குனிக்குள் பறவையும் கிளம்பிவிடும், கொட்டகையும் பிரிந்துவிடும். பள்ளி விடுமுறைக்கென்று மே மாதம் போகிறவர்களுக்கு வெளிமானும் காட்டுக் குதிரையும்தான் மிச்சம்.