கறவைப் பசுவும் வினாக்குறியும்

நுழையும்முன்

விளையாட்டு, பொழுதுபோக்கு மட்டுமன்று. பெரும்பணம் புழங்கும் தொழிலுமாகும். பல பொருள்களை விற்கும் நிறுவனம் எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்? எதைக் கைவிட வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேட உதவும் ஒரு முறையைக் காணொலி விளையாட்டுக் கருவிகளின் ஏற்ற இறக்கங்களைக் கொண்டு விளக்குகிறது இக்கட்டுரை.

நான்கு கட்டங்கள்

பாஸ்டன் ஆலோசனைக் குழுமத்தின் நிறுவனர் புரூஸ் ஹெண்டர்சன், 1970ஆம் ஆண்டில் 'வளர்ச்சி–பங்கு அணி' என்னும் பகுப்பாய்வு முறையை அறிமுகப்படுத்தினார். இதில் இரண்டு அளவுகள் கருதப்படுகின்றன. ஒன்று, பொருள் விற்கப்படும் சந்தை எவ்வளவு விரைவாக வளர்கிறது என்பது. மற்றொன்று, முதன்மைப் போட்டியாளரோடு ஒப்பிடும்போது அப்பொருளின் சந்தைப் பங்கு எவ்வளவு என்பது.

வளர்ச்சியும் பங்கும் மிகுந்தது 'விண்மீன்'. வளர்ச்சி குறைந்து, பங்கு மிகுந்தது 'கறவைப் பசு'. அது குறைந்த செலவில் நிறைந்த வருவாய் தரும். வளர்ச்சி மிகுந்து, பங்கு குறைந்தது 'வினாக்குறி'; அது பணத்தை விழுங்கும், வெல்லுமா என்பது உறுதியன்று. இரண்டும் குறைந்தது 'நாய்' எனப்பட்டது. கறவைப் பசு தரும் பணத்தைக் கொண்டு வினாக்குறியை விண்மீனாக வளர்த்தெடுப்பதே இம்முறையின் அடிப்படை.

இரு நிறுவனங்கள், இரு முடிவுகள்

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் நிண்டெண்டோ. அது 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கேம் கியூப் என்னும் வீட்டுக் கருவி மொத்தம் 2.17 கோடி மட்டுமே விற்றது. போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷன் 2, 15 கோடிக்கும் மேல் விற்றது. அதாவது, கேம் கியூபின் விற்பனை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. ஆயினும் நிண்டெண்டோ நிலைகுலையவில்லை. கையடக்கக் கருவிச் சந்தையில் அதன் கேம் பாய் வரிசை நிகரின்றி விளங்கியது. அதுவே நிறுவனத்தின் கறவைப் பசு. அடுத்து, 2006இல் வெளியான வீ என்னும் வீட்டுக் கருவி 10 கோடிக்கும் மேல் விற்று விண்மீனாயிற்று.

மற்றொரு ஜப்பானிய நிறுவனமான சேகாவின் நிலை வேறு. அதன் சாட்டர்ன் கருவி உலகச் சந்தையில் பிளேஸ்டேஷனிடம் தோற்றிருந்தது. 1998இல் வந்த டிரீம்காஸ்ட் பலராலும் பாராட்டப்பட்டும் ஏறத்தாழ 90 இலட்சமே விற்றது. வினாக்குறியைத் தாங்கிப் பிடிக்கக் கறவைப் பசு இல்லை. எனவே, 2001இல் கருவித் தயாரிப்பையே கைவிட்ட சேகா, பிறர் கருவிகளுக்கு விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனமாக மாறியது. தரம் மட்டுமே ஒரு பொருளைக் காப்பதில்லை என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

கட்டங்களைக் கடந்து

விண்மீனும் நிலையானதன்று. வீயின் வழித்தோன்றலாக 2012இல் வந்த வீ யு, 1.35 கோடி அளவிலேயே நின்றுவிட்டது. திறன்பேசி விளையாட்டுகளும் பெருகிவந்த காலம் அது. அந்நிலையில் நிண்டெண்டோவின் தலைவர் சட்டோரு இவாட்டா, 2014இல் தம் ஊதியத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 7 கோடிக்கும் மேல் விற்ற திரீ டி.எஸ். என்னும் கையடக்கக் கருவி இக்காலத்தில் நிறுவனத்திற்குத் துணைநின்றது.

அணியை மட்டும் நோக்கினால், வீட்டுக் கருவியைக் கைவிட்டுக் கையடக்கக் கருவியைக் காப்பதே அறிவுடைமை எனத் தோன்றும். நிண்டெண்டோவோ இரண்டையும் ஒன்றாக்கியது. வீட்டில் தொலைக்காட்சியில் இணைத்தும் வெளியே கையில் ஏந்தியும் விளையாடத்தக்க சுவிட்ச், 2017இல் வெளிவந்து 15 கோடிக்கும் மேல் விற்றது. இரு சந்தைகளைப் பிரித்த கோடே அங்கு அழிந்தது.

ஒரு பொருள் இன்று எங்கு நிற்கிறது என்பதை அணி காட்டும். நாளை எதைப் படைக்க வேண்டும் என்பதைக் காட்டாது. சந்தையின் எல்லையை வகுப்பவரும் மனிதரே. அதை மாற்றி வரைய வல்லவரும் மனிதரே. 'நாய்' என்று பெயரிடப்பட்ட பிரிவிலும் பலருடைய உழைப்பும் திறனும் அடங்கியிருக்கும். ஆகவே, கணக்கை முதலில் படித்து, அதன் பின்னர் சிந்தித்து முடிவெடுப்பதே சிறந்த மேலாண்மையாகும்.