பங்கு வணிகருக்கு ஒரு சிக்கனமான பல திரைக் கணினி

இந்தியப் பங்குச் சந்தை காலை 9.15 மணிக்குத் திறந்து பிற்பகல் 3.30 மணிக்கு மூடுகிறது. இந்த ஆறேகால் மணி நேரமும் தினவணிகம் செய்பவருக்குப் பல விவரங்கள் ஒரே சமயத்தில் கண்முன் இருக்க வேண்டும். நிஃப்டியின் சார்ட், கையில் உள்ள பங்கின் சார்ட், வாட்ச்லிஸ்ட், ஆப்ஷன் செயின், ஆர்டர் நிலவரம் எல்லாம் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால், விலை வேகமாக நகரும் நேரத்தில் தேவையானது அடியில் மாட்டிக்கொள்ளும். அவசரத்தில் வேறொரு பங்குக்கு ஆர்டர் போட்டுவிடவும் கூடும். பல திரைகள் தருவது இந்தப் பார்வை வசதியைத்தான். வேகத்தை அவை தருவதில்லை.

வீட்டிலிருந்து போடும் ஆர்டர் இணையம் வழியே தரகு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கே கணக்கில் பணம் இருக்கிறதா என்று சரிபார்க்கப்பட்டு, பிறகு சந்தையின் கணினிக்குப் போய் எதிர் ஆர்டருடன் பொருந்துகிறது. வீட்டுக் கணினியின் வேலை வந்த விலைகளைச் சார்ட்டாக வரைந்து காட்டுவது மட்டுமே. கைட், டிரேடிங்வியூ போன்ற வணிக, சார்ட் தளங்கள் சாதாரண பிரவுசரிலேயே ஓடுகின்றன. ஆகவே கேம் விளையாடுவதற்கான விலையுயர்ந்த கணினி இதற்குத் தேவையே இல்லை. அமிபுரோக்கர் போன்ற மென்பொருளில் பல ஆண்டு விலைத் தரவுகளை வைத்து உத்திகளைச் சோதிப்பவருக்கு மட்டும் கூடுதல் கோர்கள் உள்ள புரொசசர் பயன்படும்.

வாங்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது திரைகளின் எண்ணிக்கை. புரொசசரும் மதர்போர்டும் அதற்கேற்பத்தான் அமைய வேண்டும். இன்டெல் கோர் ஐ3-12100 போன்ற எளிய புரொசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் வசதி இருக்கிறது. நான்கு திரைகள் வரை இயக்கும் திறனும் அதற்கு உண்டு. ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி இதே வேலைக்குப் பொருந்தும். பெயரின் கடைசி எழுத்தைக் கவனித்து வாங்குவது அவசியம். ஐ3-12100எஃப் சற்று மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் ஒரு திரைகூட எரியாது.

புரொசசருக்குத் திறன் இருந்தாலும் மதர்போர்டின் பின்பக்கம் சாக்கெட் இருந்தால்தான் திரையை இணைக்க முடியும். விலை குறைந்த எச்610 போர்டுகள் பலவற்றில் ஒரு எச்டிஎம்ஐயும் ஒரு பழைய விஜிஏயும் மட்டுமே இருக்கும். சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் உள்ள போர்டை வாங்குவதே நல்லது. இங்கே மிச்சம் பிடிப்பவர் பிறகு அதைவிட அதிகமாகச் செலவழிக்க நேரும்.

மூன்றாவது, நான்காவது திரைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவைப்படலாம். கார்டின் வேகத்தைவிட அது எத்தனை திரைகளை இயக்கும் என்பதே இங்கே முக்கியம். ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400 இரண்டும் தலா இரண்டு திரைகளை மட்டுமே இயக்கும். கடைகளில் இன்னும் விற்கும் ஜிடி 730 பழைய தலைமுறைக் கார்டு. அதற்கான டிரைவர் ஆதரவை என்விடியா நிறுத்திவிட்டது. அலுவலகப் பயன்பாட்டுக்கான என்விடியா டி400இல் மூன்று மினி டிஸ்ப்ளேபோர்ட்டுகளும் டி600இல் நான்கும் உள்ளன. முதலாவது 30 வாட்டும் இரண்டாவது 40 வாட்டும் எடுப்பவை என்பதால் தனி மின் இணைப்பு வேண்டாம். சிறிய கேபினட்டிலும் அடங்கும். பல போர்டுகளில் பயாஸ் அமைப்பை மாற்றினால் போர்டின் சாக்கெட்டுகளையும் கார்டின் சாக்கெட்டுகளையும் ஒருசேரப் பயன்படுத்தலாம்.

கேபிளில் ஒரு சிக்கல் உண்டு. கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண கேபிளைத் திருப்பிப் போட்டால் படம் வராது. எந்த முனை கணினிக்கு, எந்த முனை மானிட்டருக்கு என்று பார்த்தே வாங்க வேண்டும்.

ராம் 16 ஜிபி வேண்டும். பிரவுசரில் பத்துப் பதினைந்து சார்ட்டுகள் திறந்திருந்தால் 8 ஜிபி திணறும். ஒரே 16 ஜிபி துண்டைவிட இரண்டு 8 ஜிபி துண்டுகள் உள் கிராபிக்ஸுக்கு நல்லது. 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி தாராளம். கேபினட்டுடன் சேர்த்துத் தரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸைத் தவிர்த்து, 450 வாட்டில் 80 பிளஸ் சான்று பெற்ற ஒன்றைத் தனியே வாங்க வேண்டும்.

பணத்தின் பெரும்பகுதி போக வேண்டிய இடம் மானிட்டர். நாள் முழுவதும் கண் பார்ப்பது அதைத்தான். 24 அங்குல ஃபுல் எச்டி ஐபிஎஸ் திரை இந்த வேலைக்கு ஏற்ற அளவு. அதே ஃபுல் எச்டியை 27 அங்குலத்தில் விரித்தால் சிறிய எண்கள் சொரசொரப்பாகத் தெரியும். டிஎன் வகைத் திரைகளில் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் வெளிறும். பச்சையையும் சிவப்பையும் நம்பி முடிவெடுப்பவருக்கு அது ஆகாது. ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் உயரமும் நிறமும் ஒத்துப்போகும். பின்புறம் வெசா துளைகள் இருந்தால் பிறகு ஸ்டாண்டில் மாட்டலாம். ஒன்றைச் செங்குத்தாகத் திருப்பி நீளமான ஆப்ஷன் செயினை அதில் வைக்கலாம். 144 ஹெர்ட்ஸ் போன்ற வேகங்களுக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

நான்கு மானிட்டருக்குப் பதில் ஒரு 43 அங்குல 4கே டிவி என்ற யோசனையும் உண்டு. கணக்குப்படி அது நான்கு ஃபுல் எச்டி திரைகளுக்குச் சமம்தான். ஆனால் விலை குறைந்த டிவிகள் பலவற்றில் நிற விவரம் குறைத்துக் காட்டப்படுவதால் மெல்லிய சிவப்புக் கோடுகளும் எழுத்துகளும் கலங்கலாகத் தெரியும். கடையில் கணினியை இணைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

புதிய பாகங்களுக்குப் பணம் போதாவிட்டால் அலுவலகங்களிலிருந்து வரும் பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலீட்டெஸ்க் கணினிகள் நல்ல மாற்று. சென்னை ரிச்சி தெரு போன்ற கணினிச் சந்தைகளில் இவை கிடைக்கும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததை எடுக்கக் கூடாது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அதற்குக் கீழே ஏறக்குறைய எதிலும் ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பணம் புழங்கும் கணினியில் பாதுகாப்பு அப்டேட் இல்லாத இயங்குதளம் ஆபத்து.

மின்சாரமும் இணையமும் செலவுப் பட்டியலின் கடைசியில் எழுதப்பட்டு முதலில் வெட்டப்படுகின்றன. அது தவறு. தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வழக்கமாகக் காலை 9 மணிக்குத் தொடங்குகிறது. சந்தை திறப்பதும் ஏறக்குறைய அந்நேரம்தான். இரண்டு திரைகளோடு இத்தகைய கணினி நூறு வாட்டுக்குச் சற்று முன்பின்னாகவே எடுக்கும். 600 விஏ யுபிஎஸ் இருந்தால் கையிலிருப்பதை விற்று வெளியேற அவகாசம் கிடைக்கும். இணைய ரவுட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் சொருக வேண்டும். கைபேசி ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே இணைத்துச் சோதித்திருக்க வேண்டும். தரகு நிறுவனத்தின் தொலைபேசி ஆர்டர் எண் மேசையில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சந்தையில் ஏற்கெனவே பதிவான ஸ்டாப்லாஸ் ஆர்டர் வீட்டில் மின்சாரம் போனாலும் அன்றைய சந்தை நேரம் முடியும்வரை அங்கேயே நிற்கும்.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாக செபியின் ஆய்வு சொல்கிறது. திரைகளைக் கூட்டுவது இந்த விகிதத்தை மாற்றப் போவதில்லை. வணிகத்துக்கு ஒதுக்கிய பணத்தைக் கணினியில் போடுவது வீண். முதல் கணினிக்கு இரண்டு திரைகள் போதும். மூன்றாவதற்குச் சாக்கெட்டும் மேசையில் இடமும் விட்டுவைத்து, சில மாத வணிகத்துக்குப் பிறகும் தேவை என்று தோன்றினால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.